60-ஆ, 90-ஆ, 192-ஆ?

ஆத்தூர் கடைவீதியில் பாட்டுப் பதிவு செய்து கொடுப்பது முழுநேரத் தொழிலாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1980-களின் நடுவில் சூடு பிடித்து, 2000-ஐத் தாண்டிச் சில வருடம் வரை ஓடியது. நானும் அதில் சோறு தின்றவன்தான். வாடிக்கையாளர் நோட்டுத் தாளைக் கிழித்து, லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "60-ஆ, 90-ஆ?" 60 நிமிடக் கேசட்டில் 12, 13 பாட்டு பிடிக்கும். 90-ல் 18-க்குக் குறையாது. அடுத்தது நாடாவின் ரகம், "சாதாவா, குரோமா, மெட்டலா?" மூன்றாவதை அவர் கேட்பார்: "ஸ்டீரியோதானே அண்ணா?" பாட்டை எதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்ற கேள்வி மட்டும் அநேகமாக யார் வாயிலும் வராது.

இப்போது என் அக்கா மகன் வேறு எண்ணைக் கொண்டுவந்து நிற்கிறான். "மாமா, சிடி பாட்டெல்லாம் 44.1-லதானே இருக்கு? கம்ப்யூட்டர்ல அதை 192-க்கு ஏத்திப் போட்டா இன்னும் நல்லா இருக்குமாமே?" அப்சாம்பிளிங் என்கிறார்களே, அதுதான். ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து வைத்த ஒலியை, கணக்குப் போட்டு 1,92,000 அளவுகளாக்கி ஓட்டுவது. வேண்டும், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் எங்கள் ஊருக்குப் பாட்டு வந்த வழியைத் தெரிந்துகொண்டு கேட்டால், அந்தப் பதில் புரியும்.

கேசட்டுக்கு முன்னால் இந்தப் பக்கம் ரேடியோ செட்டுக்காரர்கள் ராஜ்ஜியம். ஒரு ஆம்ப்ளிஃபயர், தட்டு ஓட்டுகிற பெட்டி, மைக், நாலைந்து கூம்புக் குழாய், கார் பேட்டரி. கல்யாணமோ மாரியம்மன் பண்டிகையோ, முதல் நாள் சாயங்காலமே ஆள் புளியமரம் ஏறிக் குழாய் கட்டிவிடுவான். திசைக்கு ஒன்று. சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்தால் வசிஷ்ட நதிக்கு அக்கரையில் இருப்பவனுக்கும் இன்ன ஊரில் விசேஷம் என்று தெரிந்துவிடும். அந்தக் குழாயில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6,000-க்கு மேலேயும் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் வராது. அதாவது மிருதங்கத்தின் தொப்பியும் போய்விடும், தாளத்தின் சிலுசிலுப்பும் போய்விடும். பாடுகிறவர் குரல் மட்டும் வயல்வெளி தாண்டிக் கணீரென்று போகும். டி.எம்.எஸ். உச்சரிப்பை எங்கள் பக்கம் மூன்று தலைமுறை மனப்பாடம் செய்தது இப்படித்தான்.

குழாயை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அதற்குள் போன பாட்டே குறுகலாகத்தான் பிறந்தது. இங்கிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் சேலம். அங்கே 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று பெயர் வாங்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அந்த வளாகத்திலிருந்துதான் வந்தது. அந்தக் காலத்துப் படத்தில் ஒலி என்பது பிலிம் சுருளின் ஓரத்தில் ஒளியால் வரைந்த ஒரு பட்டை. தியேட்டரில் இரைச்சல் கேட்காமல் இருக்க, மேல் ஸ்தாயியை வேண்டுமென்றே அடக்கித்தான் ஓட்டுவார்கள். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏதாவது தேறினால் அதிர்ஷ்டம். 78 சுற்று அரக்குத் தட்டும் ஏறக்குறைய அந்த எல்லைக்குள்தான். பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஊசி தேயத் தேய இன்னும் குறையும்.

1970-களில் எல்.பி. தட்டு வீடுகளுக்குள் நுழைந்தபோதுதான் உள்ளூர்க் காதுக்கு மேல் ஸ்தாயி எட்டியது. 1976-ல் 'அன்னக்கிளி', 1978-ல் 'பிரியா'. தமிழில் ஸ்டீரியோப் பதிவு என்றாலே பழைய ஆட்கள் முதலில் சொல்லும் பெயர் 'பிரியா'தான். இரண்டு பெட்டியில் இரண்டு விதமாக வாத்தியம் கேட்பதை, வேலை மெனக்கெட்டு வந்து கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால் தட்டும் பிளேயரும் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற சமாச்சாரமில்லை. மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டுகிறவருக்கும், சேகோ ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவருக்கும் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கேசட்.

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963-ல் அறிமுகம் செய்தபோது அதை ஒரு டிக்டேஷன் கருவியாகத்தான் நினைத்தது. நாடா நாலு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும். இதில் சங்கீதத்தை ஏற்றுவதே வம்படியான வேலை. அதனால்தான் பதிவுக் கடைக்காரனுடைய கைப்பக்குவம் செல்லுபடியானது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். எல்.பி. தட்டை முதலில் மெல்லிய துணியால் வரிப்போக்கிலேயே துடைப்போம். குறுக்கே துடைத்தால் கீறல். டெக்கின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். பஞ்சில் காப்பிப் பொடி நிறத்தில் நாடாத் தூள் ஒட்டும். பிறகு ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன திருகாணி. அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே பாட்டு போர்த்திக்கொள்ளும், அல்லது திறந்துகொள்ளும். நாடா ஹெட்டின் இடுக்குக்குச் சரியான செங்குத்தில் ஓடுகிறதா என்பதை அந்தத் திருகாணிதான் தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் வீட்டு டேப் ரிக்கார்டரில் அது வேறு கோணத்தில் இருந்தால், எங்கள் கடையில் ஜொலித்த பாட்டு அவர் வீட்டில் மூக்கடைத்துப் பாடும். "மெட்டல் கேசட்டுக்குக் காசு கொடுத்தும் இப்படி இருக்கே" என்று வருவார். செட்டைக் கொண்டுவரச் சொல்லித் திருகாணியை நேராக்கிக் கொடுத்தால், சாதா கேசட்டிலேயே மகிழ்ந்து போவார்.

இன்னொன்று, பிரதியின் பிரதி. தட்டிலிருந்து நேராக எடுத்த கேசட் முதல் தலைமுறை. அதிலிருந்து எடுத்தால் இரண்டாவது. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் கூடும், மேல் ஸ்தாயி தேயும். டபுள் டெக்கில் ஹை ஸ்பீடு டப்பிங் பொத்தானை அழுத்தினால் பாதி நேரத்தில் வேலை முடிந்துவிடும். தேய்மானமும் அதற்குத் தக்கபடி இருக்கும். தட்டு வாங்க வசதியில்லாத கடைகள் பக்கத்து ஊர்க் கேசட்டிலிருந்து எடுத்து, ஈக்வலைசரில் இரண்டு ஓரத்தையும் ஏற்றி, எக்கோ கொஞ்சம் தூவி, மெட்டல் கேசட்டில் அடித்து அதிக விலைக்கு விற்கும். கேட்டவுடன் பளிச்சென்று இருக்கும். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். பாட்டு போன பிறகு மேலே பூசும் மெருகு அது. இந்தத் தொழில் முழுவதுமே பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். 1984-ல் சட்டத் திருத்தம் வந்து தண்டனை கடுமையான பிறகும் ஊருக்கு ஊர் நடந்துகொண்டுதான் இருந்தது.

நாங்கள் இங்கே திருகாணி திருப்பிக்கொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டில் எண்களின் யுகம் பிறந்துவிட்டிருந்தது. 1982 அக்டோபர் 1-ல் சோனி தன் முதல் சிடி பிளேயரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. 44,100 என்ற எண் ஏதோ தவம் செய்து கண்டுபிடித்தது இல்லை. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்தான் கிடைத்தது. வினாடிக்கு 60 புலம் (ஃபீல்ட்), புலத்துக்கு 245 வரி, வரிக்கு 3 அளவு: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50, 294, 3 என்று பெருக்கினாலும் அதே எண்தான். மனிதக் காது இளமையில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நைக்விஸ்ட் 1928-ல் தொட்டு, ஷானன் 1949-ல் நிறுவிய கணக்குப்படி, அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். 44,100 அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. 22,050 வரைக்கும் எதுவும் விடுபடாது.

பிறகு எங்கே சிக்கல்? எண்களை மறுபடி ஒலியாக்கும்போது, கேட்கும் எல்லைக்கு மேலே அசல் ஒலியின் நிழல்கள் முளைக்கும். அவற்றை வெட்ட வேண்டும். 20,000-ஐத் தொடாமல் விட்டு, 22,050-க்குள் முழுதாக அடைக்க வேண்டுமென்றால், சுவர் மாதிரி செங்குத்தான ஃபில்டர் வேண்டும். சோனி அதைக் கெப்பாசிட்டர், காயில்களால் கட்டியது. பிலிப்ஸ் வேறு வழியில் போனது. அவர்கள் கையில் இருந்த சிப் 14 பிட்தான். சிடிக்கோ 16 பிட் என்று முடிவாகிவிட்டது. அவர்கள் 44,100-ஐ 4 மடங்காக்கி 1,76,400-ல் ஓட்டினார்கள். நிழல்கள் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டன. வெட்டச் சாதாரண ஃபில்டரே போதுமானதாயிற்று. மாற்றும்போது எழும் இரைச்சலைக் கேட்காத பகுதிக்குத் தள்ளியதால் 14 பிட் சிப்பே 16-க்குரிய வேலையைச் செய்தது.

அக்கா மகனிடம் முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான். நீ புதிதாகச் செய்யப்போவதாக நினைக்கும் காரியம், முதல் தலைமுறை சிடி பிளேயரிலேயே நடந்துவிட்டது. இன்று சில நூறு ரூபாய்க்கு விற்கும், எண்ணை ஒலியாக்கும் டி.ஏ.சி. போர்டில்கூட, சிப்புக்குள் இந்த மடங்காக்கும் வேலை தானாக நடக்கிறது. 1990-களின் கடைசியில் பிரிட்டனின் டி.சி.எஸ். போன்ற நிறுவனங்கள் அதையே தனிப் பெட்டியில் போட்டு, 96, 192 என்று எண் காட்டி, பணக்காரக் காதுகளுக்கு விற்றன. உள்ளே மறைந்திருந்தபோது பொறியாளரின் சமாளிப்பு. வெளியே வந்ததும் அந்தஸ்து.

"அப்ப புதுசா எதுவுமே கிடைக்காதா மாமா?" என்றான். எங்கள் தாலுகாவில் பிறந்தவனுக்குச் சொல்ல ஒரு உவமை தயாராக இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கை ஆலையில் பாயிண்ட் பார்த்துத்தான் வாங்குவார்கள். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பது அந்தப் பாயிண்ட். அரைப்பதிலும் வடிகட்டுவதிலும் அஜாக்கிரதையாக இருந்தால் மாவு வீணாகும். ஆனால் எவ்வளவு நயமான சல்லடை போட்டாலும் 24 பாயிண்ட் கிழங்கு 28 ஆகாது. இரண்டு அளவுகளுக்கு நடுவே கணக்குப் போட்டு நிரப்பும் புது எண்களும் அப்படித்தான். அவை பக்கத்திலுள்ள எண்களிலிருந்தே பிறந்தவை. ஸ்டுடியோவில் மைக் பிடிக்காத சுரத்தை அவை கொண்டுவராது.

சிடி ஆத்தூருக்கு வந்தபோது அதன் சுகத்தை நாங்கள் அனுபவித்தது கொஞ்ச காலம்தான். பின்னாலேயே எம்.பி.3 வந்துவிட்டது. சிடியில் வினாடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் ஓடும், 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3-ல் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் அரிந்து வீசிவிடும். ஆனால் ஒரே வட்டில் 150 பாட்டு. 12 பாட்டுக்குக் காத்துக்கிடந்த ஊரில் இந்தக் கணக்கோடு யார் மல்லுக்கட்ட முடியும்? பஸ், லாரி, டீக்கடை எல்லாம் மாறியது. பிறகு பென் டிரைவ், மெமரி கார்டு. பாட்டைப் பாட்டாக எண்ணாமல் ஜிபி கணக்கில் கேட்டார்கள். பதிவுக் கடைகள் ஒவ்வொன்றாக ரீசார்ஜ் கடையாகவும் செல்போன் ரிப்பேர் கடையாகவும் உருமாறின. என் கடையும்தான்.

அந்தக் கடைசிக் காலத்தில் ஒரு தில்லாலங்கடி நடந்தது. விவரம் தெரிந்த பையன்கள் "320 கே.பி.பி.எஸ்.தான் வேணும்" என்று கேட்க ஆரம்பித்ததும், பழைய 128 ஃபைலையே கம்ப்யூட்டரில் 320 ஆக மாற்றிக் கொடுத்தார்கள் சிலர். ஃபைல் கனம் இரண்டரை மடங்கு கூடும். அரிந்து வீசிய 16,000-க்கு மேற்பட்டது வரவே வராது. மறுபடி சுருக்கியதில் இருப்பதும் கொஞ்சம் கெடும். கேசட்டில் எக்கோ தூவியவர்களின் வாரிசு இது. 192 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வருவது இந்த அனுபவத்தால்தான்.

சந்தேகம் போதாது, சோதித்தும் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர், எஸ்.ஏ.சி.டி. போன்ற உயர்தர வட்டுகளை நேராகவும், நடுவில் 16 பிட் 44.1-ஆக இறக்கியும் மறைத்து ஓட்டி ஆட்களைக் கேட்க வைத்தார்கள். 554 முறை ஓட்டியும், ஊகித்துச் சொல்வதைவிட மேலாக யாராலும் சொல்ல முடியவில்லை. 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் இத்தகைய 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். சரியாகச் சொன்னது 52 சதவீதத்துக்குச் சற்று மேல். காசு சுண்டினாலே 50 கிடைக்கும். பயிற்சி பெற்ற காதுக்கு இடைவெளி கொஞ்சம் கூடியது என்பதையும் அவர் சொல்கிறார். இத்தனைக்கும் அவை அசலே உயர்ந்த எண்ணில் பதிவானதா இல்லையா என்ற சோதனைகள். 44.1-ல் பிறந்ததைப் பின்னால் ஏற்றுவதற்கு அந்தச் சின்ன ஆதாயமும் உரிமையில்லை.

எங்கள் வீட்டிலும் பார்த்தோம். அக்கா மகன் கண்ணை மூடிக்கொண்டு, "192-ல கொஞ்சம் மிருதுவா இருக்கு மாமா" என்றான். ரேடியோ செட்டுக்காரர்களோடு பழகியவன் கை சும்மா இருக்குமா? 1,000 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஸ்பீக்கர் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தேன். 192-ல் வோல்டேஜ் குறைவு. மென்பொருள் 3 டெசிபல் இறக்கி வைத்திருந்தது. அதற்கு நியாயமான காரணம் உண்டு: இப்போதைய பாட்டுகளை உச்சவரம்பு வரை சத்தமாக ஏற்றிவிடுகிறார்கள், நடுவில் நிரப்பும் எண்கள் அந்த வரம்பைத் தாண்டிப் பிசிறடிக்காமல் இருக்க இறக்கித்தான் வைக்க வேண்டும். மிருது என்று அவன் கேட்டது அந்த 3 டெசிபலைத்தான். இரண்டையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்து, அவன் தங்கையைப் பின்னால் நின்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னதும், எது எது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வயதில் 12,000-க்கு மேல் காதே மூடிக்கொள்கிறது. நான் போட்டியிலேயே இல்லை.

ஆனால் ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளைப் போட்டோம்: பழைய சிடியிலிருந்து ஒன்று, பின்னால் சத்தம் ஏற்றி வெளியிட்ட 'ரீமாஸ்டர்' ஒன்று. அளவைச் சமமாக்கியதும், சமையலறையிலிருந்த அக்காவே வித்தியாசம் சொன்னாள். பழையதில் தபேலாவின் அடி தனியாகக் குதித்தது. புதியதில் குரலோடு ஒட்டித் தட்டையாக இருந்தது. அடுத்து, டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவருமாக எதிரொலித்த அந்த ஹாலில் ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரைச் சுவரை விட்டு இரண்டடி முன்னால் இழுத்து வைத்தோம். அதற்கும் யாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அப்சாம்பிளிங்கால் பயனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். செல்போன்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் 48,000-க்கு மாற்றித்தான் ஓட்டுகின்றன. 44,100-க்கும் 48,000-க்கும் உள்ள விகிதம் 147-க்கு 160. சுலபமாக மடங்காகாத கணக்கு. நல்ல மென்பொருள் காதுக்குத் தெரியாமல் செய்துவிடும். மட்டமானது பிசிறு விடும். அந்த மாற்றத்தை உருப்படியான மென்பொருளிடம் முன்கூட்டியே ஒப்படைப்பது புத்திசாலித்தனம். ஃபில்டரே இல்லாத டி.ஏ.சி. வைத்திருப்பவருக்கும் உதவும். இதெல்லாம் கெடாமல் காப்பது, கூட்டுவது இல்லை.

பெரிய எண்ணுக்கு உண்மையான வேலை இருப்பது பதிவு செய்கிற முனையில். இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளின் பரணில் இன்னும் எல்.பி.யும் கேசட்டும் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்க்கொண்டும் இருக்கின்றன. ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேச சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ., இப்படிப்பட்டவற்றை மாற்றும்போது 24 பிட்டுக்கும் 48,000-க்கும் குறையக்கூடாது என்கிறது. 96,000 இருந்தால் நல்லது. கீறல் சத்தத்தைப் பின்னால் களைவதற்கு அது வசதி. நாடா அடுத்த முறை ஓடுமா என்று சொல்ல முடியாது, அதனால் தாராளமாக அளந்துகொள்வதில் தப்பில்லை. ஆகவே 192-க்குச் செலவு செய்யத் துடிப்பவர்களுக்கு என் யோசனை: அந்தக் காசில் புது ஊசி வாங்குங்கள், தட்டைக் கழுவுங்கள், டெக்கின் திருகாணியைத் தெரிந்தவரிடம் கொடுத்து நேராக்குங்கள், 96-ல் ஒரு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அதை வீட்டில் 44.1-ல் போட்டுக் கேட்டாலே போதும்.